சைக்கிளின் கனம்

வைஸில் இறுக்கிய இரும்புப் பட்டையின் மேல் அரம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பி வரும்போது பட்டையைத் தொடாமல் சற்றே தூக்கிக்கொண்டன கைகள். அப்படிச் செய்தால்தான் அரத்தின் பல் மழுங்காது. துளை போட்ட இடத்தில் எழும்பியிருந்த பிசிறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இடது கைக் கட்டைவிரல் விளிம்பை ஒரு தடவை தடவிப் பார்த்தது. ஓரிடத்தில் இன்னும் கீறியது. மறுபடி அரம்.

"என்ன தங்கச்சி, பாலம் கட்டறியா?" எதிர்க்கடை சலூன்காரர் கத்திரியும் கையுமாகத் தன் வாசலில் வந்து நின்றார். பாதி வெட்டிய தலை ஒன்று உள்ளே கண்ணாடியில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"பையன் வண்டிக்கு சைடு வீல் பட்டைண்ணே. பழசு வளையுது. அதான் கனமா ஒண்ணு."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. மாப்ளைக்கு மீசை முளைக்கிற வரைக்கும் சைடு வீலா? மீசையை முறுக்கிக்கிட்டு அதுல போனா நல்லாவா இருக்கும்?"

"முறுக்கிக்கட்டும். விழாம போனா சரி."

"சார், என் இந்தப் பக்கம்..." என்று கண்ணாடித் தலை முனகியது. சலூன்காரர் உள்ளே போனார்.

தெருவில் எல்லாரும் அவளைச் சைக்கிள்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கடை அவள் கணவன் வைத்தது. ஊரெல்லாம் ஓடும் சக்கரங்களுக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருப்பது அவனுக்குச் சரிப்படவில்லை. லாரி ஓட்டப் போய்விட்டான். பூட்டிக் கிடந்த கடையை அவள் திறந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்றியதைக் கழற்றிய வரிசையில் பழைய துணியில் பரப்பி வைப்பாள். அதே வரிசையில் திரும்ப மாட்டுவாள். கடைசியில் ஒரு குண்டுமணி அளவு பேரிங் பால்ஸ் மிஞ்சினாலும் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பாள். ஆரம்பத்தில் வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டதுண்டு. "இருக்காரு, லாரியில. உங்களுக்குச் செயின் மாட்டணுமா, ஆம்பளையைப் பாக்கணுமா?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வண்டியை விட்டுப் போனார்கள்.

அவள் பெயர் பரவியது சுமை வண்டிகளால். தண்ணீர் கேன் போடுகிறவர்கள், சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவர்கள், சிமெண்டு மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். எந்த இடத்தில் சட்டம் விரியும், எந்தக் கம்பி முதலில் அறும் என்று வண்டியைச் சாய்த்துப் பார்த்தே சொல்வாள். அந்த இடத்துக்கு ஒரு பட்டை கொடுப்பாள், இன்னொரு கம்பி சேர்ப்பாள். அவள் கை பட்ட வண்டி பாரத்துக்கு முனகாது என்பார்கள்.

மகன் ஐந்தாம் வகுப்பு. பிறந்தபோதே தாதி, "கையில வாங்குங்க, கவனம், பையன் வெயிட்டு" என்று சிரித்துக்கொண்டுதான் கொடுத்தாள். வகுப்பில் அவன்தான் பருமன். பள்ளியில் அவனுக்கு 'ரோலர்' என்று பெயர். ரோடு போடுகிற ரோலர். அந்தப் பெயர் அவளுக்கு முதலில் தெரிய வந்தது அவன் வாயாலேயே. யாரோ போனில் யாரென்று கேட்க, "நான்தாண்டா ரோலர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அன்றைக்கு ஒரு வால்வை இரண்டு தடவை தப்பாக மாட்டினாள்.

ஏழு வயதில் தெரு முனையில் சைக்கிளோடு சாய்ந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மருத்துவர், "எடை கொஞ்சம் கூடுதல். விழும்போது கை தாங்கற பாரமும் அப்ப கூடுதல்தானே" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயத்துக்கும் ஓர் இரும்பு. முதலில், விழாமல் இருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சைடு வீல். அவன் ஏறி உட்கார்ந்ததும் அதன் பட்டை வளைந்தது. தடித்த பட்டை போட்டாள். பின் சக்கரம் தாங்காது என்று தோன்றியது. சுமை வண்டிக்குப் போடும் ரிம்மும் தடித்த கம்பிகளும் கோத்தாள். சீட்டுக்கு அடியில் சுமை வண்டி ஸ்பிரிங். காற்சட்டை செயினில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று முழு மூடி. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்கு ஒரு முட்டு. ஒவ்வொன்றும் கச்சிதமான வேலை, பார்த்தவர்கள் மெச்சினார்கள். அவன் மட்டும் வரவர ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டான். பிறகு வண்டி கடையின் பின்சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அவள் மட்டும் அவ்வப்போது அதை எடுத்து எதையாவது பலப்படுத்தி வைப்பாள்.

சாப்பாட்டுத் தட்டிலும் அதே பயம்தான். கரண்டியைப் பாதியில் நிறுத்துவாள். அவன் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவான்.

அந்த வாரம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. இன்னும் சில வாரத்தில், பருவக் கடைசி நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பாலத்தைத் தாண்டி ஏரிக்கரைப் பூங்கா வரை சைக்கிளில் போகப் போகிறார்கள். அதற்கு முன் வண்டிகளின் பிரேக்கையும் காற்றையும் அவள் வந்து சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். மகன் இதைப் பற்றி வீட்டில் மூச்சுகூட விடவில்லை.

"ஏண்டா சொல்லல?"

"நான்தான் போகலையே. சைக்கிள் ஓட்டத் தெரியாதவங்க வேன்ல. சாப்பாட்டு டப்பாவெல்லாம் வேன்லதான் வருது. எல்லாருக்கும் முன்னாடி போய் உக்காந்துக்குவேன்."

"வேன்ல யார் யார்?"

"நானும் டப்பாவும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வேனில் போனால் விழ மாட்டான். நிம்மதியோடு கூடவே வேறெதுவோ வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அதற்கு என்ன பெயரென்று அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில், வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் அவள் குந்தி உட்கார்ந்து வேலை செய்தாள். எதிரே விளையாட்டு டீச்சர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வயது குறைவு, கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த முகம். தரையில் சில பலகைகளைக் கிடத்தியிருந்தாள், ஒன்றைவிட ஒன்று குறுகல். பிள்ளைகள் அதன்மேல் பின்னோக்கி நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண், தெருவே 'வாயாடி' என்று கூப்பிடுகிறவள், குறுகிய பலகையிலும் பேசிக்கொண்டே நடந்து போய்விட்டாள்.

மகன் முறை வந்தது. ஸ்பேனர் அவள் கையில் நின்றது.

அவன் அகலப் பலகையில் ஏறினான். கைகளை விரித்தான். ஓரடி பின்னால் வைத்தான். உடம்பு ஒரு பக்கம் லேசாகப் போனது, மீட்டிருக்கலாம். மீட்கவில்லை. கைகளைக் காற்றில் சுழற்றி, "ஐயையோ" என்று கத்திக்கொண்டு, தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அது விழுந்ததல்ல. உண்மையில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், அதற்கு முன்பே தானாக உட்கார்ந்துகொண்டது. தெருவில் இத்தனை காலம் அவன் கோமாளித்தனம் என்று அவள் நினைத்து வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அடுத்து டீச்சர் பந்தைச் சுவரில் அடித்துப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்தான். இடது கையால் பிடித்தான், குனிந்து பிடித்தான், பேசிக்கொண்டே பிடித்தான். யாரும் அதைப் பார்க்கவில்லை. பலகைச் சிரிப்பே இன்னும் அடங்கவில்லை.

வேலை முடிந்து பையைக் கட்டும்போது டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பையன் கையைப் பாத்தீங்களா? என்ன பிடி! கை, கண்ணு ரெண்டும் அவனுக்கு நல்லா சேர்ந்து வருது. தன் உடம்பையே தூக்கிக்கிட்டு நகர்ற வேலைதான் கஷ்டம். குதிக்கிறது, ஓடித் திரும்பறது, பலகை. எடை கூடின பிள்ளைங்க நிறைய பேருக்கு இப்படித்தான்."

"எடை குறைஞ்சா சரியாயிடுமா டீச்சர்?"

"கொஞ்சம் சுலபமாகலாம். டாக்டர் சொல்றதையும் கேளுங்க, வேண்டாங்கல. ஆனா குறையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு உக்காந்திருக்காதீங்க. வரலைன்னு ஒதுங்கிடறான். ஒதுங்கினா பழக்கம் இல்ல. பழக்கம் இல்லைன்னா இன்னும் வர மாட்டேங்குது. அப்புறம் இன்னும் ஒதுங்கறான். சுத்திச் சுத்தி அதேதான்."

"விழுந்துட்டா? ஏற்கெனவே ஒரு தடவை கை..."

"எல்லாப் பிள்ளையும் விழுதுக்கா."

அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். எல்லாப் பிள்ளையும் அவளுடைய பிள்ளை இல்லையே.

மறுநாள் காலையில், அரம் போட்டு முடித்த புதுப் பட்டையை மாட்ட மகனின் வண்டியைப் பின்சுவரிலிருந்து எடுத்தாள். சைடு வீல் நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. குனிந்து பார்த்தாள். பொருந்தாத ஸ்பேனரை வைத்து யாரோ வலிந்து திருப்பியிருக்கிறார்கள். வழுக்கி வழுக்கி முனை உருண்டுவிட்டிருக்கிறது. திருட வந்தவன் சைடு வீலைத் திருட மாட்டான். இவள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நட்டு வைத்துப் பூட்டியிருந்ததால் அசையவில்லை.

இட்லித் தட்டோ புத்தகப் பையோ, எதை வாங்கினாலும் அவன் இரண்டு நாளாக வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான். அன்று பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"பந்து பட்டுச்சு" என்றான்.

"சரி" என்றாள்.

வேனில் போவதாகச் சொன்ன பிள்ளை யாருமில்லாத நேரத்தில் சைடு வீலைக் கழற்றப் பார்த்திருக்கிறான். அவனுக்குப் போக வேண்டும். அவளிடம் கேட்டால் என்ன நடக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். அன்று பகல் முழுக்க அந்த மழுங்கிய நட்டு அவள் கண்ணிலேயே நின்றது. ஆனாலும் புதுப் பட்டையைத்தான் மாட்டினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் டீச்சர் தன் சைக்கிளுக்குப் பிரேக் கம்பி மாற்ற வந்தாள். கடை வாசலில் மகனின் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஓரமாக நகர்த்தலாம் என்று டீச்சர் நடுக் கம்பியான பாரைப் பிடித்துத் தூக்கினாள். வண்டி எழும்பவில்லை. காலை அகட்டி, மறுபடி மூச்சுப் பிடித்துத் தூக்கினாள். பின் சக்கரம் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, தடாலென்று இறங்கியது.

"அக்கா, என்னது இது? சைக்கிளா, பீரோவா?"

சலூன்காரர் எதிரிலிருந்து, "நான் அப்பவே கேட்டேன், பாலமான்னு" என்றார்.

"பையன் வண்டி டீச்சர். அவன் எடைக்குத் தாங்கணும்ல. அதுக்காகக் கொஞ்சம்..."

பஞ்சர் பார்க்க வாயாடி விட்டுப்போயிருந்த சைக்கிள் பக்கத்தில் இருந்தது. டீச்சர் அதை ஒரு கையால் தூக்கினாள். தூக்கியபடியே சைக்கிள்காரம்மாவைப் பார்த்தாள். மெதுவாக இறக்கி வைத்தாள்.

கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகன் சொன்னான்: "நான்தான் சொன்னேன்ல, அது நகரவே மாட்டேங்குதுன்னு."

"எப்படா சொன்ன?"

"சொன்னேன். மிதிக்கவே முடியலம்மான்னு. நீ செயினுக்கு எண்ணெய் போட்ட."

போட்டாள். ஞாபகம் வந்தது. மிதிக்க முடியவில்லை என்றதும், உடம்பு அப்படி இருக்கிறதே, எப்படி முடியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே எண்ணெய்க் குப்பியை எடுத்ததும் ஞாபகம் வந்தது.

டீச்சர் போன பிறகு, வண்டியைப் பாரில் பிடித்துத் தானே தூக்கிப் பார்த்தாள். மூட்டைச் சுமை வண்டிகளைத் தினமும் புரட்டுகிற கை அவளுடையது. அதனால்தான் இத்தனை நாள் கனம் தெரியவில்லை. பொருத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்த வேலையிலும் குறையில்லை. ஆனால் எல்லாமே மூட்டைக்குச் செய்கிற வேலை. மூட்டையை ஆடாமல் கட்ட வேண்டும். ஆடினால் வண்டி கவிழும். ஓட்டுகிறவன் ஆடியே ஆக வேண்டும், சாய்ந்தே ஆக வேண்டும். அவள் பெற்ற பிள்ளையை மேலே ஏற்றிக் கட்டி வைத்திருக்கிறாள்.

"டேய், அந்தப் பெட்டியை எடு. இதைப் பிரிப்போம்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவன் நம்பாமல் பார்த்தான். "அப்பாகிட்ட கேக்கணும்னு சொல்லுவியே."

கேட்டாள். போனில் லாரி இரைச்சலுக்கு நடுவே கணவன் கத்தினான். "சைடு வீலை எடுத்துட்டா விழுவான்ல?"

"விழுவான்தான். விழுந்தா எந்திரிப்பான்னு டீச்சர் சொல்லுது."

"டீச்சரா ராத்திரி ஆஸ்பத்திரியில உக்காரப் போகுது? நீதான் உக்காரணும்."

"உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

சைடு வீல் கழன்று வந்தது. முழு மூடி வந்தது, முட்டு வந்தது, சுமை ஸ்பிரிங் வந்தது. பின் சக்கரத்தைக் கழற்றி, அளவான ரிம்மில் அளவான கம்பி கோத்துப் புதிதாகக் கட்டினாள். எவ்வளவு கனம் அதற்குப் போதும் என்று மனதில் கணக்குப் போட்டபோது கை தானாக இன்னும் தடித்த கம்பிக் கட்டின் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். கடைசியாக, டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டு, அவள் சொன்னபடி இரண்டு பெடலையும் கழற்றினாள். சீட்டை அவன் இரண்டு காலும் தரையில் அழுந்தும்படி இறக்கினாள். இடது பெடலின் மரை தலைகீழ், மற்றவை திரும்பும் பக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். மகன் அதைத் தானாகவே சரியாகத் திருப்பினான். எப்போது பார்த்துவைத்தானோ.

பள்ளி விட்ட பிறகு மைதானம் காலியாக இருக்கும். டீச்சர் அங்கே வரச் சொன்னாள். பெடல் இல்லாத வண்டியில் உட்கார்ந்து காலால் தரையை உந்திப் போக வேண்டும். அவ்வளவுதான்.

"வாத்து மாதிரி போறேன்" என்றான் மகன்.

"வாத்து கவிழ்ந்து பாத்திருக்கியா? போ" என்றாள் டீச்சர். பிறகு அவன் அம்மாவிடம், "அக்கா, நீங்க பிடிக்கக் கூடாது. பிடிச்சா உங்க கையிலதான் சாய்வான். அவனா சாயட்டும், அவனா நிமிரட்டும்."

அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அவன் உந்தினான், தடுமாறினான், காலை ஊன்றினான். மறுபடி. சிவந்த முகமும் மூச்சிரைப்புமாக மைதானத்தின் பாதி வரை போனான். மற்ற பிள்ளைகள் காற்றில் மிதப்பது போல் போவதை அவன் உடம்பு உழைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் அதை மறைக்கவில்லை, "உனக்கு இது மத்தவங்களைவிட வேலை ஜாஸ்திடா. அதனால நடுவுல உக்காரு, தண்ணி குடி, மறுபடி வா" என்றாள்.

சில நாளில் கால் தூக்கி நெடுந்தூரம் உருண்டான். திரும்புவதுதான் வரவில்லை. இடது பக்கம் ஒருவாறு திரும்பினான். வலது பக்கம் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தது. சைடு வீலில் ஓட்டிய பழக்கம் அது. அதில் வண்டி சாயாது, ஆள்தான் வெளியே தள்ளப்படுவான். தப்பான சாய்வை அவன் உடம்புக்கு ஊட்டி வளர்த்தது அவள் கட்டிய பட்டை.

அன்றைக்கு அவன் வலது பக்கம் திரும்பினான். வண்டி தள்ளாடியது. தன் பக்கம்தான் வருகிறான் என்று அவள் பார்த்தாள். கை முந்தானையிலிருந்து எப்போது வெளியே வந்ததென்று தெரியாது. ஓடிப் போய்ச் சீட்டைப் பிடித்துவிட்டாள். சக்கரம் நின்றது. அவன் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலே போய் உள்ளங்கையை ஊன்றி விழுந்தான்.

ஏழு வயதில் அவன் விழுந்தபோது கேட்ட அதே சத்தம். அவளால் அசைய முடியவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்தான். உள்ளங்கையில் மண்ணும் ரத்தமும். மணிக்கட்டை மடக்கினான், நீட்டினான், சுழற்றினான். சரியாகத்தான் இருந்தது. பிறகு கத்தினான். "நீ பிடிச்சதாலதான் விழுந்தேன்! நான் திரும்பிட்டேன்! திரும்பிட்டேம்மா!"

இதுவரை அவளிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை. விழுந்தும் சிரிக்காமல் இருந்ததில்லை.

வீட்டுக்கு அவன்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். மறுநாள் அவன் வருவானோ மாட்டானோ என்று பயந்துகொண்டிருந்தாள். வந்தான். ஆனால் மைதான வாசலில் நின்று, "நீ அந்த மூலைக்குப் போயிடு. அங்கேயே நில்லு. நான் அங்க வருவேன், நீ வரக்கூடாது" என்றான். டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் போய் அந்த மூலையில் நின்றாள். அவன் கிளம்பினான். மெதுவாக, தள்ளாடி, ஒரு தடவை காலை ஊன்றி, அவள் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"இதே மாதிரி இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பூங்காவுக்குப் போகப் போகிற நாள் காலை. அவள் விடியும் முன்பே கடையைத் திறந்திருந்தாள். முந்தின வாரம் பெடலை மாட்டியாகிவிட்டது. அவன் மிதித்து ஓட்டுகிறான். வலது திருப்பத்தில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. பாலத்தில் ஏறும் இடம் வலது திருப்பம். அந்த இடத்தை நேற்று அவள் தனியாகப் போய்ப் பார்த்து வந்திருந்தாள். ஓரத்தில் மணல் சேர்ந்திருந்தது. காலால் கொஞ்சம் தள்ளிவிட்டு வந்தாள். காற்றடித்தால் மறுபடி சேரும்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஓரிடத்தில் மயிரிழை நெருங்கியது. கம்பியைக் கால் திருகு திருகிப் பெண்டு எடுத்தாள். மறுபடி சுற்றினாள். சரியாக இருந்தது. இன்னும் ஒரு தடவை சுற்றினாள்.

தெருமுனையில் பிள்ளைகளின் மணிச் சத்தம் கேட்டது. வாயாடி வாசலில் வந்து பிரேக் அடித்தாள். "டேய் ரோலர், வரியா, வேன்ல டப்பாவுக்குத் துணையா?"

"டப்பாவை நீ பாத்துக்கோ. உன் வாய்க்கு அதுதான் சரி" என்றான் உள்ளேயிருந்து.

டீச்சரும் வந்தாள். சைக்கிள்காரம்மா அவளை ஓரமாக இழுத்தாள். "டீச்சர், நானும் வேன்ல வந்துடட்டுமா? சும்மா, பின்னாடி."

டீச்சர் பதில் சொல்லும் முன் மகன் சொன்னான். "வேண்டாம்மா."

"பாலத்துத் திருப்பம்..."

"அங்க வராப்பல இல்லைன்னா இறங்கித் தள்ளிக்கிட்டு போவேன். டீச்சர் சொல்லியிருக்காங்க. தள்றது ஒண்ணும் தப்பில்ல."

"கட்டாயம் தள்ளணும்னும் இல்ல" என்றாள் டீச்சர்.

அவள் வண்டியை நிமிர்த்தினாள். துணியால் சீட்டைத் துடைத்தாள், ஹேண்டிலைத் துடைத்தாள், துடைக்க ஒன்றுமில்லாத மணியையும் துடைத்தாள். வாசல் படியிலிருந்து சாலைக்கு இறக்கினாள். அவன் ஹெல்மெட் பட்டியை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான். ஹேண்டிலை அவன் பக்கம் திருப்பினாள்.

"பிரேக் கட்டை ரெண்டும் புதுசு. சட்டுனு பிடிக்கும். மெதுவா அழுத்து."

"ம்."

"காத்து சரியா இருக்கு. செயின் கொஞ்சம் இறுக்கியிருக்கேன்."

"சரிம்மா."

"வலது பக்கம்..."

"பாக்கறேன்மா. குடு."

ஒரு கைப்பிடியை முதலில் கொடுத்தாள். பிறகு மற்றதையும் கொடுத்தாள்.